உயர்நிலைப் பள்ளிப் படிப்பின் நோக்கம் என்ன? அதை வழிநடத்துவது யார்?

மார்க் வாங்கிக் காலேஜில் சேரத்தான் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பாதிப் பதில்தான். பதினாலு, பதினைந்து வயதில்தான் ஒரு பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்கவும், தனக்கு எது வரும் என்று கண்டுகொள்ளவும் ஆரம்பிக்கிறது. ஒன்பதாவது, பத்தாவதின் முதல் வேலை அதற்கு இடம் கொடுப்பது.

சரி, யார் வழிநடத்துவது? தமிழ்நாட்டில் மேலே பள்ளிக் கல்வித் துறை, மாவட்டத்துக்கு ஒரு முதன்மைக் கல்வி அலுவலர், பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்ட 2022-இல் அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்து நடத்துவது வகுப்பாசிரியர்தான்.

1978-இல் பிளஸ் டூ வந்ததிலிருந்து பத்தாவது முடிந்ததும் குரூப் எடுத்தாக வேண்டும். நாங்கள் குரூப் எடுக்கும் சமயத்தில் எங்கள் வகுப்பு டீச்சர் என் நண்பனின் அப்பாவை உட்காரவைத்து, அவனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். முழுக்க மோட்டார், வயரிங் படங்கள். “தொழிற்கல்வியில் சேர்த்துவிடுங்க, தானா படிப்பான்” என்றார். அப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் பிள்ளை பத்தாவது என்றால், குரூப் எடுக்கும் முன் வகுப்பாசிரியரை ஒருமுறை நேரில் பாருங்கள்.