நாய் உண்ணி: சுவரைக் கவனிக்காமல் மருந்தை மாற்றிப் பயனில்லை

கேள்வி: ஐயா, அயோத்தியாப்பட்டணம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கோடை மழை திடீரென்று வருகிறது, நின்றுவிடுகிறது. எங்கள் காவல் நாய்க்கு உடம்பெல்லாம் உண்ணி. உரக்கடையில் குளோர்பைரிபாஸ் கொடுத்தார்கள். தண்ணீரில் கலந்து பூசிய அன்று இரவே எச்சில் வடிந்து நடுங்கியது. உண்ணி உதிர்ந்தது, ஆனால் பத்தே நாளில் மறுபடியும் ஏறிவிட்டது. மாட்டுக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரினை நாய்க்கும் போடலாமா? இதைவிட வேகமான மருந்து உண்டா?

பதில்: அந்த எச்சிலும் நடுக்கமும் விஷம் ஏறியதற்கு அடையாளம். குளோர்பைரிபாஸ் தோல் வழியாகவே உள்ளே போகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். இனி எப்போதாவது இப்படி ஆனால் கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் அலசி, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். இந்த விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி அங்கேதான் கிடைக்கும். பயிருக்கான மருந்தை, நாயின் எடையைக்கூடக் கேட்காமல் கொடுத்தனுப்புகிற கடைக்காரரை நம்பி உயிருள்ள ஜீவன் எதையும் ஒப்படைக்காதீர்கள். அவருக்குச் சரக்கு நகர்ந்தால் சரி.

டெல்டாமெத்ரின் 1.25 சதவீத மருந்தை மாட்டுக்கு லிட்டருக்கு 2 மில்லி கலக்கிறோம். நாய்க்கு என்றால் மருத்துவர் அளவு சொல்லாமல் தொடாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் எச்சரிக்கை: இந்த வகை மருந்தை அதன் உடம்பு முறிக்காது, ஈரமான நாயை உரசினாலே ஆபத்து. அதோடு, தெளித்த அன்று சாயங்காலம் மழை பெய்தால் மருந்தும் தண்ணீரோடு போய்விடும். இந்தப் பருவத்துக்கு மாத்திரைதான் பொருத்தம். ஃப்ளுராலனர் எடைக்கேற்பக் கொடுத்தால் சுமார் 12 வாரம் வேலை செய்யும், மழை அதை ஒன்றும் செய்யாது. வலிப்பு வரும் நாய் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, பத்து நாளில் எங்கிருந்து வந்தது என்று. முட்டை பொரிக்க வெயில் காலத்திலேயே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதனால் ஏறியவை புதிதாகப் பிறந்தவை அல்ல, உங்கள் சுவரிலேயே காத்திருந்தவை. நாய் உண்ணி குஞ்சாக, இளசாக, முதிர்ந்ததாக மூன்று முறை நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்து, ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிவிடும். கொட்டைமுத்து மாதிரி உப்பிய பெண் உண்ணி விரிசலுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சேர்வராயன் அடிவாரத்தில் மண் சாந்து வைத்துக் கட்டிய கருங்கல் சுவர் நிறைய உண்டு, அது உண்ணிக்கு அரண்மனை. இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள், சுவரில் ஏறிக்கொண்டிருக்கும்.

நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி, சாந்து உதிர்ந்த ஒவ்வொரு விரிசலையும் கம்பியால் கிளறி, ஒரு பங்கு சிமென்டுக்கு நாலு பங்கு சலித்த மணல் கலந்து அடையுங்கள். அதன் மேல் கெட்டியாகச் சுண்ணாம்பு. முழங்கால் உயரத்தோடு நிறுத்தாதீர்கள், உண்ணி மேலே ஏறும் குணமுடையது, கூரை விளிம்பு வரை போகட்டும். கேஸ் பர்னரால் சுடுவது நல்ல வேலை செய்யும், ஆனால் ஓலைக் கூரையோ சோளத்தட்டுப் போரோ அருகில் இருந்தால் தீ வேண்டாம். படுக்கைச் சாக்கைக் கொளுத்திவிட்டு, வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசக்கூடிய பழைய துணியைப் போடுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை சந்துகளைத் திரும்பப் பாருங்கள், புதிதாகத் திறந்ததை அடையுங்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் வருடா வருடம் மருந்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

காது மடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் கையால் தடவிப் பாருங்கள். கிடைத்ததை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

ஈறு வெளுத்துப் போனாலோ, காய்ச்சலோடு சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காத்திருக்காமல் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். போக வண்டி இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள்.