சபையார் ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வி: எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) பாடல் குழுவின் பொறுப்பை இந்த வருடம் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனையில் முதல் அரைமணி நேரம் பாட்டுத்தான். மேடையில் ஆறு பேர் மைக் பிடித்து நன்றாகவே பாடுகிறார்கள். கீழே பாதிப் பேர் உதட்டைக்கூட அசைப்பதில்லை. "பிரசங்கத்துக்கு ஆள் சேரும்வரை பாடுகிறோம், அவ்வளவுதானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சபையாகக் கூடிப் பாடுவதன் நோக்கம் என்ன? சுருதி சேராதவர்களைச் சத்தம் குறைத்துப் பாடச் சொல்லலாமா?
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெரியவரிடம் கொலோசெயர் 3:16-ஐ வாசித்துக் காட்டுங்கள். சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் "ஒருவருக்கொருவர் போதித்து" புத்திசொல்லச் சொல்கிறார் பவுல். பாட்டு கர்த்தருக்குத்தான், ஆனால் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் காதிலும் அது விழ வேண்டும். பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியபோது மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 16:25 எழுதி வைத்திருப்பது அதனால்தான் முக்கியம். பிரசங்கத்தில் ஒருவர் பேசுகிறார், சபை கேட்கிறது. பாட்டில் சபை முழுவதும் ஒரே நேரத்தில் அறிக்கையிடுகிறது. துக்கத்தோடு வந்து வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்காக அவரைச் சுற்றியிருப்பவர்கள் அந்த விசுவாசத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இது ஆதியிலிருந்தே இருக்கும் வழக்கம். சுமார் கி.பி. 112-ல் பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றி மாறி மாறிப் பாடுவதாகச் சொல்கிறார். நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்கள் மட்டுமே பாடலாம் என்று ஒரு விதி செய்தது. மேற்கில் பாட்டு நாளடைவில் பெரும்பாலும் குருமார், பாடகர் கைக்குப் போனது. பதினாறாம் நூற்றாண்டில், ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் காலத்தில்தான் அது மறுபடி ஜனங்களின் வாய்க்கு வந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் கால் வைத்த லூத்தரன் மிஷனரிகள் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தார்கள். பிறகு தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனைகள் எழுதிச் சேர்த்தார்கள். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவி திரும்புவதால், புத்தகம் வாசிக்கத் தெரியாதவரும் இரண்டாம் முறையிலேயே சேர்ந்துகொள்ளலாம். இவ்வளவு தூரம் வந்து சேர்ந்ததை ஆறு மைக்குகளுக்குள் அடைத்துவிடக் கூடாது.

இனி உங்கள் சபைக்கு வருவோம். ஜனங்கள் பாடாததற்குப் பக்திக் குறைவு காரணம் என்று முதலிலேயே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பாட்டு அவர்கள் தொண்டைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். ரெக்கார்டிங்கில் பாடியவரின் ஸ்கேலையே கீபோர்டுக்காரர் அப்படியே எடுத்துக்கொள்கிறார். சங்கராபரணம் போன்ற ராகத்தில், மேல் ஸ்தாயி காந்தாரம் ('க') வரை போகும் பாட்டு ஒன்றை 2 கட்டையில், அதாவது டி-யில், எடுத்தால் உச்சி ஸ்வரம் எஃப் ஷார்ப். பயிற்சி இல்லாத பெண்களுக்கு அது கத்தல்தான். ஆண்கள் பாதியிலேயே கீழ் ஸ்தாயிக்கு இறங்கிவிடுவார்கள், அல்லது நிறுத்திவிடுவார்கள். கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பட்டனில் மைனஸ் 4 வையுங்கள். அதே பாட்டு 6½ கட்டைக்கு, பி ஃபிளாட்டுக்கு வந்துவிடும், உச்சி டி-யோடு நிற்கும். சபைப் பாட்டுக்கு உச்சி டி போதும், எப்போதாவது ஈ-யைத் தொட்டால் பாதகமில்லை. ஏ-க்குக் கீழே இறங்கவும் வேண்டாம். பாட்டு தொடங்கும் ஸ்வரத்தைப் பார்த்து ஸ்கேலை முடிவு செய்யாமல், உச்சி ஸ்வரத்தைத் தேடிப் பிடித்து முடிவு செய்யுங்கள். மேடையில் இருப்பவருக்கு அந்த ஸ்கேல் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அவர் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தது சத்தம். தன் குரலும் பக்கத்தவர் குரலும் காதில் விழாத இடத்தில் யாரும் பாட மாட்டார்கள். காலி ஆலயத்தில் சவுண்ட் செக் செய்து பயனில்லை. ஆராதனை நடக்கும்போதே நடு வரிசையில் போய் நில்லுங்கள். பின்வரிசைக்காரர் பாடுவது கேட்கவில்லை என்றால் முதலில் ரிதம் பேடை (மின்னணுத் தாளக் கருவியை) குறையுங்கள், பிறகு கீபோர்டின் பேஸைக் குறையுங்கள். பாட்டை நடத்துபவருக்கு ஒரு மைக் போதும். மற்ற ஐந்து பேரும் மைக் இல்லாமல் பாடட்டும், இரண்டு பேர் பின்வரிசைகளில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. கடைசிச் சரணத்துக்கு வாத்தியங்களை நிறுத்திப் பாருங்கள். யார் பாடுகிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

நீளமான பழைய ஆலயமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. ஒலி 34 மீட்டர் கடக்க ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி ஆகிறது. கடைசி பெஞ்சுக்குப் பாட்டு தாமதமாகத்தான் போகும், அவர்கள் குரல் திரும்பி வர இன்னும் அவ்வளவு நேரம். ஜனங்கள் இழுக்கிறார்கள் என்று நினைத்துத் தாளக்காரர் வேகம் கூட்டினால் இரண்டு பக்கமும் பிரிந்துபோகும். வேகத்தை மாற்றாமல், வரிகளுக்கு நடுவில் மூச்சு வாங்க இடம் விடுங்கள்.

புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும். இரண்டு ஞாயிறு காணிக்கை நேரத்தில் மெட்டை மட்டும் வாசியுங்கள். மூன்றாம் ஞாயிறு குழு பல்லவியைப் பாடட்டும், சபை திருப்பிப் பாடட்டும். அதன்பின் நான்கு வாரம் விடாமல் அதையே பாடுங்கள். வாரத்துக்கு மூன்று புதுப் பாட்டு வந்தால் ஒன்றும் மனதில் நிற்காது. பாட்டு மனப்பாடமாக வேண்டியது ஞாயிற்றுக்கிழமைக்காக மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி வார்டிலும் துக்க வீட்டிலும் கையில் புத்தகம் இருக்காது. நினைவு தடுமாறிய முதியவர்களுக்குப் பேச்சு நழுவிய பிறகும் சிறு வயதில் பாடிய சரணங்கள் பலமுறை கூடவே இருக்கின்றன.

நேரம் போதவில்லை என்று "1, 2, 5 சரணங்கள்" என அறிவிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பல ஞானப்பாட்டுகளில் சரணங்கள் வரிசையாகச் செல்லும். நடுவில் விடுபடுவது சிலுவையைப் பற்றிய சரணமாக இருந்தால், சபை பாவத்திலிருந்து நேராகப் பரலோகத்துக்குத் தாவிவிடும். ஒரு பாட்டைக் குறைத்து, மற்றதை முழுதாகப் பாடுங்கள். பாவ அறிக்கைக்கு முன் எது, திருவிருந்துக்கு எது என்று ஐயரிடம் (போதகரிடம்) வியாழக்கிழமைக்குள் வேதபாடத்தைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தால், ஆள் சேரும்வரை பாடுகிறோம் என்ற எண்ணம் தானாகவே குறையும்.

சுருதி சேராதவர்களைச் சத்தம் குறைத்துப் பாடச் சொல்லலாமா என்றால், கூடாது. ஒருமுறை அப்படிச் சொல்லக் கேட்டவர் அதன்பின் பாடவே மாட்டார், அவர் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஸ்கேலை இறக்கியதுமே அவர்களில் பலர் சுருதிக்கு வந்துவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு முன் பெஞ்சில், திடமான குரல் உள்ள குழுவினர் ஒருவரை உட்கார வையுங்கள். முன்னாலிருந்து வரும் குரலைப் பிடித்துக்கொண்டு பாடுவது எளிது.