முட்டுக்கட்டை போடுபவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆர்.சி.இ.பி. என்னும் ஆசிய-பசிபிக் வட்டார வாணிப ஒப்பந்தம் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். கரீபியக் கடலில், நம் பினாங்கின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தீவுகளும் சேர்ந்து ஒரே அணியாக உட்கார்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேசி ஒப்பந்தம் கண்டன என்கிறீர்கள். அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட ஆசியான், 2025 ஏப்ரலில் அமெரிக்கா வரி அறிவித்தபோது ஏன் ஆளுக்கொரு பக்கம் ஓடியது? ஊர் கூடினால்தானே தேர் நகரும்? அதுவும் மலேசியா தலைமை வகித்த ஆண்டில். மலேசியா ஐரோப்பாவுடன் தனியாகப் பேசுவதும் இதே வகைதானா? கூடவே ஒரு திருத்தம்: ஆர்.சி.இ.பி. ஒப்பந்தம் மலேசியாவுக்கு 2022 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சரிபார்க்கவும்.

க., கிள்ளான்

அன்புள்ள க.,

மரத்தேர் ஓடும் ஊரில் நின்று பார்த்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள்; ஆனால் தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் நாலைந்து பேர் கையில் இருக்கும். கூட்டுப் பேச்சுவார்த்தையில் நாம் எண்ணிப் பார்ப்பது வடம் பிடிப்பவர்களின் தலைகளை. கட்டை யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கரீபிய நாடுகள் ஒன்றுகூடியது பாசத்தினால் அன்று, பட்ட அடியினால். செயின்ட் லூசியா, டொமினிக்கா போன்ற தீவுகளின் வாழைப்பழத்துக்கு ஐரோப்பா கொடுத்துவந்த சலுகையை, சொந்தமாக வாழைப்பழம் ஏற்றுமதி செய்வதாகச் சொல்லவே முடியாத அமெரிக்காவும் சில லத்தீன் அமெரிக்க நாடுகளும் உலக வாணிப நிறுவனத்தில் எதிர்த்து வழக்காடி, 1997இல் வென்றன. அந்த வழக்கில் செயின்ட் லூசியா அமர்த்தியிருந்த தனியார் வழக்கறிஞர்களை விசாரணைக் குழு வெளியே அனுப்பிவிட்டது. அரசு ஊழியர்கள் மட்டுமே அமரலாம் என்பது அதன் வாதம். வாணிபச் சட்டம் படித்த அரசு ஊழியர் ஒருவரைக்கூட வைத்துக்கொள்ள இயலாத நாட்டுக்கு அந்த விதி என்ன பொருள் தரும் என்பதை எண்ணிப் பாருங்கள். மேல்முறையீட்டில்தான் வழக்கறிஞர்களுக்கு இடம் கிடைத்தது.

அதே 1997இல் கரீபிய நாடுகள் தங்களுக்கென ஒரு கூட்டுப் பேச்சுவார்த்தை அமைப்பை நிறுவின. அதன் முதல் தலைமைப் பேச்சாளர் ஷ்ரிதத் ராம்பால். கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர், காமன்வெல்த்தின் பொதுச்செயலாளராக 1975 முதல் 1990 வரை இருந்தவர். (நம் பால்மரக் காட்டுக் கதைகளை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பெயரும் எனக்கு நினைவில் வரும்.) 2004இல் ஐரோப்பாவுடன் பேச்சு தொடங்கியபோது டொமினிக்கன் குடியரசும் இந்த அணியில் இருந்தது. சரக்கு, சேவை, முதலீடு என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு முதன்மைப் பேச்சாளர் இருந்தார். அவர் எந்தத் தீவைச் சேர்ந்தவராயினும் எல்லாத் தீவுகளுக்காகவும் பேச வேண்டியவர். எதிர்த்தரப்போடு பேசுவதைவிடக் கடினமான வேலை அவர்களுக்கு வீட்டுக்குள்தான் காத்திருந்தது. சுங்க வரியே அரசின் முக்கிய வருமானமாக இருக்கும் நாடுகள் அவை. எந்தப் பொருளுக்கு வரியை விடுவது, எதற்கு விடக்கூடாது என்று ஒவ்வொரு நாடும் கொண்டுவந்த பட்டியலை ஒன்றாகத் தைக்க வேண்டியிருந்தது. சில வரிகளை நீக்க 25 ஆண்டு வரை அவகாசம் கேட்டு வாங்கினார்கள். ஐரோப்பாவின் பழைய சலுகைக்கு உலக வாணிப நிறுவனம் தன் விதியிலிருந்து அளித்திருந்த விலக்கு 2007 டிசம்பர் 31 அன்று முடியவிருந்தது. இரு தரப்பும் பேச்சை முடித்ததும் அந்த டிசம்பரில்தான்.

சென்ற வாரம் ஒரே குரல் என்று நான் எழுதியது சற்று அதிகம், ஒப்புக்கொள்கிறேன். 2008 அக்டோபர் 15 அன்று பார்படோஸில் மற்றவர்கள் கையெழுத்திட்டபோது கயானா விலகி நின்றது. அப்போதைய அதிபர் பரத் ஜக்தேவ், சரக்குக்கு மட்டும் ஒப்பந்தம் போதும், சேவையும் மற்றவையும் வேண்டாம் என்று வெளிப்படையாகவே வாதிட்டார். ஐந்து நாள் கழித்துக் கயானா கையெழுத்திட்டது. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒப்பந்தத்தை முழுமையாக மறு ஆய்வு செய்வதாகக் கூட்டறிக்கை ஒன்றை வாங்கிக்கொண்டுதான். அதைப் பயன் தந்த முட்டுக்கட்டையாகவே நான் கருதுகிறேன். ஹைத்தி 2009 டிசம்பரில் வந்து சேர்ந்தது.

இன்னொன்று, யார் காசு என்பது. பசிபிக் தீவுகள் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வாணிப ஒப்பந்தம் பேச வானுவாட்டுவின் போர்ட் விலாவில் ஓர் ஆலோசகர் அலுவலகம் அமைத்தன. அதன் செலவுக்குப் பணம் கொடுத்தவை அதே ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். மாப்பிள்ளை வீட்டார் சம்பளத்தில் பெண் வீட்டுக்காகப் பேச வந்தவர் நிலைமை. (கரீபிய அமைப்புக்கும் வெளியார் பணம் வராமல் இல்லை.) 2017இல் டோங்காவில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது தீவு நாடுகளில் பெரியவையான பாப்புவா நியூ கினியும் பிஜியும் அதில் இல்லை. ஆனால் அதே கடலில் எட்டு நாடுகள் சேர்ந்து, தங்கள் கடற்பரப்பில் சூரை மீன் பிடிக்கும் கப்பல்களுக்கு நாள் கணக்கில் உரிமம் விற்கின்றன. ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச விலை 2015இல் 8,000 அமெரிக்க டாலர். 2010இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம் சில ஆண்டுகளில் 40 கோடியைத் தாண்டியது. விற்கும் பொருள் எட்டுப் பேருக்கும் ஒன்றே, வேறெங்கும் எளிதில் கிடைக்காதது. ஒருவர் விலையைக் குறைத்தால் எட்டுப் பேருக்கும் நட்டம். இந்த வசதி எல்லாக் கூட்டணிக்கும் வாய்ப்பதில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் ஆவண மேசையில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் என் பார்வை தாளிலிருந்து தொடங்கும். ஆசியான் கூட்டாகப் பேசி 2009 ஆகஸ்டில் இந்தியாவுடன் கையெழுத்திட்ட சரக்கு ஒப்பந்தத்தின்கீழ் ஏ.ஐ. (ஆசியான்–இந்தியா) பாரம் என்று, பொருள் எங்கே உருவானது எனக் காட்டும் ஒரு மூலச் சான்றிதழ் உண்டு. பட்டர்வொர்த்திலிருந்து போனாலும் வியட்நாமின் ஹைப்போங்கிலிருந்து போனாலும் அதே பாரம், அதே விதி: மதிப்பில் 35 விழுக்காடு இவ்வட்டாரத்தினுடையதாக இருக்க வேண்டும், ஆறு இலக்கச் சுங்க வகைப்பாட்டு எண்ணும் மூலப்பொருளின் எண்ணிலிருந்து மாறியிருக்க வேண்டும். ஒருமுறை பிஸ்கட் கொள்கலன் ஒன்றுக்குப் பாரத்தில் ஒரு எண்ணும் விலைப்பட்டியலில் வேறொரு எண்ணும் போட்டுவிட்டேன். கடைசி இலக்கம் மட்டுமே வேறு. சரக்கு சென்னைத் துறைமுகத்தில் ஒன்பது நாள் கிடந்தது. பிழை என்னுடையதுதான், திட்டும் எனக்குத்தான்.

அந்தத் தாளில் இருப்பதெல்லாம் விதி. விதியை ஆசியான் ஒன்றாகப் பேசியது. வரி விகிதத்தை அப்படிப் பேசவில்லை; அதே ஒப்பந்தத்தில் பிலிப்பைன்ஸுக்குத் தனி அட்டவணை. காரணம் எளியது: கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகாம் வெளியாருக்குப் பொதுவான சுங்க வரியை ஏற்றுக்கொண்ட அமைப்பு, ஆசியானுக்கு அப்படியொன்று இல்லை. ஏறக்குறைய எல்லாப் பொருளையும் வரியின்றி உள்ளே விடும் சிங்கப்பூரும், வரியை நம்பித் தொழில் வளர்க்கும் அண்டை நாடும் எந்த ஒரே சலுகையை மேசையில் வைக்க முடியும்? ஜகார்த்தாவில் இருக்கும் செயலகத்துக்கு யாருக்காகவும் பேரம் பேசும் அதிகாரம் இல்லை. ஒவ்வொரு வெளி நாட்டுக்கும் ஓர் உறுப்பு நாடு முறைவைத்து ஒருங்கிணைப்பாளராக இருக்கும், அவ்வளவே.

2025 ஏப்ரலில் வந்ததோ வெறும் விகிதம், அதுவும் ஆளுக்கொன்றாக: கம்போடியாவுக்கு 49, வியட்நாமுக்கு 46, மலேசியாவுக்கு 24, சிங்கப்பூருக்கு 10 விழுக்காடு. பதிலடி கொடுக்க மாட்டோம் என்று பொருளாதார அமைச்சர்கள் கூடிச் சொன்னதோடு கூட்டு முயற்சி நின்றது. 46 வாங்கியவனும் 10 வாங்கியவனும் ஒரே வரிசையில் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? அக்டோபரில் கோலாலம்பூர் உச்சநிலை மாநாட்டுக்கு வந்த அமெரிக்க அதிபருடன் மலேசியாவும் கம்போடியாவும் தனித்தனியாகவே கையெழுத்திட்டன. உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. தனித்தனியாகப் பேசினாலும் எதை விட்டுத்தரக் கூடாது என்ற ஒரு சிறு பட்டியலையாவது முன்கூட்டியே பகிர்ந்திருக்கலாம் என்பதே என் குறை. தலைமை நாடு அதைச் செய்திருக்க முடியும்.

ஐரோப்பா விஷயம் வேறு. ஆசியானும் ஐரோப்பிய ஒன்றியமும் 2007இல் கூட்டாகத்தான் தொடங்கின. 2009இல் அது நின்றுபோனது. மியன்மார் ஒரு காரணம், வளர்ச்சியில் இருந்த ஏற்றத்தாழ்வு இன்னொன்று. அதன்பின் சிங்கப்பூரும் வியட்நாமும் தனியே முடித்துக்கொண்டன. மலேசியா 2010இல் தொடங்கி 2012இல் நிறுத்தியதை 2025 ஜனவரியில் மீண்டும் எடுத்திருக்கிறது. ஓடாத தேரை விட்டு நடந்து போனவரைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் திருத்தம் சரி. 2022 ஜனவரி 1 என்பது ஆர்.சி.இ.பி.க்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடுகளுக்கான தேதி. மலேசியாவுக்கு மார்ச் 18. கட்டுரையில் மாற்றிவிட்டேன். இந்த முறையும் பிழை என்னுடையதுதான்.