அந்தப் படத்தை முதலில் அழித்துவிடுங்கள்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் டியூஷன் நடத்தும் ஆசிரியர் தன்னிடம் தவறாக நடந்தார் என்று ஒரு மாணவி பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறாள். காயமும் இல்லை, கண்ட சாட்சியும் இல்லை. பிள்ளை சொன்னால் நம்பத்தான் வேண்டும் என்கிறாள் என் மகள். நிரூபிக்கும்வரை அவர் நிரபராதி என்கிறேன் நான். வட்ஸ்அப்பில் வந்த படத்தையும் இணைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். மேலே ஆசிரியரின் முகம், கீழே பிள்ளையின் பாடசாலையும் வகுப்பும். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் விபரத்தை வெளியிடுவது நமது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். 1995இல் சேர்த்த பிரிவு அது. ஒரே படத்தில் இரண்டு பேருக்கும் அநியாயம் செய்தாகிவிட்டது.

நிரூபிக்கும்வரை நிரபராதி என்பது அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை. அதை எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2015இல் கொட்டதெனியாவையில் ஒரு சின்னஞ்சிறுமி கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. முதலில் ஒரு பாடசாலை மாணவனையும் இன்னொருவரையும் பிடித்தார்கள். மரபணு பொருந்தவில்லை. பொலிஸ் தன்னைச் சித்திரவதை செய்தது என்று அந்த மாணவன் பிறகு சொன்னான். அடுத்துப் பிடிபட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று செய்தி வந்தது. கொலைகாரன் என்று அவர் படம் வீடு வீடாகப் போனது. கடைசியில் மரபணு காட்டிக்கொடுத்தது அவருடைய சகோதரரை. 2016இல் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டதும் அந்தச் சகோதரரைத்தான். அதற்கு முன் சிக்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

சரி, அதனால் உங்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிரியரை நிரபராதி என்று வைத்துக்கொள்வதற்காகப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்க வேண்டியதில்லை. காயம் இல்லை என்கிறீர்கள். வன்புணர்வு வழக்கில்கூட எதிர்த்ததற்கான காயம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதையும் 1995ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்லிவிட்டது. சாட்சி இல்லை என்கிறீர்கள். பிள்ளையே சாட்சி. எந்த உண்மையையும் நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று கணக்கு கிடையாது என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு.

உங்கள் மகள் சொல்லும் நம்பிக்கை முறைப்பாடு எழுதும் மேசையில் இருக்க வேண்டும். பல வருடங்களுக்கு முன், வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குத் துணையாகக் கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, அடுத்த மேசைக்காரர் பாதியைச் சிங்களத்தில் சொன்னார்; எழுதுபவர் அதிலும் பாதியைத்தான் எழுதினார். இடையில் இரண்டு தடவை, "சம்பளப் பிரச்சினை ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார்கள். முக்கால் மணித்தியாலம் அழுதழுது சொன்னது ஒன்றரைப் பக்கம் ஆனது. வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து வைத்தார். வழக்கு வந்தபோது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தத் தாளைத்தான் கையில் எடுத்தார்: "கதவைப் பூட்டினார் என்று இன்று சொல்கிறீர்கள். பொலிசில் சொல்லவில்லையே?" சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். தாளில்தான் இல்லை.

சட்டத்தரணி மேல் எனக்குக் கோபம் இல்லை, குறுக்கு விசாரணை அவர் கடமை. முதல் நாள் யாரும் அந்தப் பெண்ணை நம்பிக் காதுகொடுத்துக் கேட்கவில்லை, அதனால் வழக்கில் உண்மையும் வெளிவரவில்லை. சந்தேகநபர் உண்மையிலேயே நிரபராதி என்றால், ஒழுங்காக எழுதிய வாக்குமூலம் அவரையும்தான் காப்பாற்றும்.

உங்கள் ஒழுங்கை விஷயத்துக்கு வருகிறேன். விசாரணை முடியும்வரை அவர் வகுப்பை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். அது தண்டனை ஆகாது, மற்றப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. அவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடவும் விடாதீர்கள், அந்த வீட்டிலும் பெண்டு பிள்ளைகள் இருப்பார்கள். அப்புறம், அந்த மாணவியின் தாயிடம் போய், முறைப்பாட்டை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு அவர்கள் பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பப் போய், விடுபட்டதை மேலதிக வாக்குமூலமாக எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். உங்கள் மகளுக்குச் சிங்களம் வரும் என்றால் நாளைக்கே அனுப்புங்கள்.