ரியல் மாட்ரிட், பார்சிலோனா தவிர்த்து, உள்நாட்டிலும் ஐரோப்பாவிலும் மிகச் சிறந்த சீசனை ஆடிய ஸ்பானிய கால்பந்து கிளப் எது?

வலென்சியா, 2003-04. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லிகா பட்டத்தையும் ஐரோப்பியக் கோப்பை ஒன்றையும் ஒரே சீசனில் வென்ற ஸ்பானிய அணிகளில், நீங்கள் ஒதுக்கிவைத்த இரண்டையும் தவிர்த்தால் மிஞ்சுவது வலென்சியா மட்டும்தான். 2014-ல் அத்லெட்டிகோ மாட்ரிட் அந்தப் படியில் கால் வைத்தது. லீக்கை வென்ற கையோடு லிஸ்பனுக்குப் போய், சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் 93-வது நிமிடம் வரை முன்னிலையில் இருந்தது. செர்ஜியோ ராமோஸ் தலையால் முட்டி அடித்த கோலில் எல்லாம் போயிற்று. 2021-ல் யூரோப்பா லீக்கை வென்ற வில்லார்ரியல் அந்த ஆண்டு லீக்கில் ஏழாவது இடம். இரு பக்கமும் முழுமையாகச் சாதித்தது வலென்சியா ஒன்றுதான்.

அந்த சீசன் நம்பிக்கையோடு தொடங்கியதாகச் சொல்ல முடியாது. 2002-ல் ரஃபேல் பெனிட்டஸ் பயிற்சியில் 31 ஆண்டுகளுக்குப் பிறகு லீக்கை வென்றிருந்த அணி, அடுத்த ஆண்டே ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. 2003 கோடையில் பெனிட்டஸ் எதிர்பார்த்த ஆட்டக்காரர்களை நிர்வாகம் வாங்கித் தரவில்லை. சோபா வரும் என்று காத்திருந்தால் விளக்கைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவர் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். ரியல் மாட்ரிடிலோ ஜிதான், ரொனால்டோ, ஃபிகோ, ரவுல் இருக்கும் அணியில் அதே கோடையில் பெக்காமும் சேர்ந்திருந்தார். யாருக்குப் பட்டம் என்று அன்று கேட்டிருந்தால் பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பிப்ரவரி இறுதியில் அந்தப் பதில் சரி என்றே தோன்றியது. வலென்சியா ரியல் மாட்ரிடைவிட 8 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. ஸ்பெயினின் உள்நாட்டுக் கோப்பையான கோபா டெல் ரே காலிறுதியிலும் அதே ரியல் மாட்ரிடிடம் தோற்று வெளியேறியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றிப் பேசும்போது பலரும் சொல்வது, மாட்ரிட் தானாகவே பட்டத்தைக் கோட்டைவிட்டது என்பதுதான். இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. மாட்ரிட் சரிந்தது உண்மை. மார்ச்சில் கோபா இறுதியாட்டத்தில் சரகோசாவிடம் தோற்றார்கள். ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மொனாக்கோ அவர்களை வெளியேற்றியது. அந்த மொனாக்கோவுக்கு ஆடியவர் மாட்ரிடே கடனாக அனுப்பியிருந்த மோரியென்டெஸ். லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் தோற்று நான்காம் இடத்தில் முடித்தார்கள். ஆனால் ஏன் தோற்றார்கள்? நடுக்களத்தின் முதுகெலும்பாக இருந்த மக்கலேலேயை விற்றுவிட்டு, நட்சத்திரங்களை ஓய்வின்றி ஆடவைத்ததால், வசந்தகாலம் வந்தபோது அந்தக் கால்களில் தெம்பு இல்லை.

வலென்சியாவின் கால்களில் தெம்பு இருந்தது, அதற்குக் காரணம் பெனிட்டஸ். ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டு முதல் சுற்றிலிருந்து யுஇஎஃப்ஏ கோப்பையை, அதாவது இன்றைய யூரோப்பா லீக்கை, ஆட வேண்டியிருந்தது. ஸ்டாக்ஹோம், இஸ்தான்புல், அங்காரா, பிரான்சின் போர்தோ (Bordeaux) என்று மொத்தம் 13 ஐரோப்பிய ஆட்டங்கள். மற்ற அணிகள் சுமையாக நினைக்கும் அந்தக் கோப்பையை, பெஞ்சில் இருப்பவர்களைக் கூர்தீட்டி வைத்துக்கொள்ளும் களமாக அவர் பயன்படுத்தினார். அயாலாவும் மார்ச்சேனாவும் களைத்தால் பெல்லெக்ரினோ; ஐமார் காயப்பட்டால் அங்குலோவோ ஹோர்கே லோப்பஸோ. யார் உள்ளே வந்தாலும் அணியின் வடிவம் மாறாது. இதைச் சலிப்பூட்டும் ஆட்டம் என்று சொன்னவர்கள் உண்டு. 38 லீக் ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய கோல்கள் 27 மட்டுமே என்பதைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் அடித்த கோல்கள் 71!

அந்த அணியில் எனக்கு மிகவும் பிடித்தவர் விசென்டே. இடது ஓரத்தில் பந்தைக் காலில் ஒட்டவைத்தபடி தற்காப்பு ஆட்டக்காரரை நெருங்கி, கடைசி நொடியில் வெளிப்பக்கமாக விலகி ஓடுவார். என்ன செய்யப்போகிறார் என்பது எதிராளிக்குத் தெரிந்திருக்கும்; தடுக்கத்தான் முடியாது. பின்னாளில் கணுக்கால் காயங்கள் அவரை விழுங்கியதால், புதிய ரசிகர்கள் பலருக்கு அவர் பெயரே தெரியவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம். அவருக்குப் பின்னால் இடது பக்கத்தைக் காத்த கார்போனிக்கு அந்த ஏப்ரலில் வயது 39. அயாலா பெரிய உயரமில்லை, ஆனாலும் வான்வழிப் பந்துகளில் அவரை வெல்வது அரிது. அல்பெல்டாவும் பராஹாவும் நடுக்களத்தைப் பூட்டிவைத்தார்கள். முன்னால் மிஸ்டா, எவரும் பெரிதாகப் பேசாத அவர் லீக்கில் 19 கோல்கள் அடித்தார்.

யுஇஎஃப்ஏ கோப்பைப் பயணத்தில் அவர்கள் தோற்றது ஒரே ஒரு ஆட்டம், அங்காராவில் கென்ச்லெர்பிர்லியியிடம் 0-1. திரும்ப, சொந்த மைதானமான மெஸ்டாயாவில் கூடுதல் நேரம் வரை போராடி 2-0 என்று வென்றார்கள். அரையிறுதியில் எதிரே நின்றது பக்கத்து ஊரான வில்லார்ரியல். அங்கே 0-0, மே 6 அன்று மெஸ்டாயாவில் மிஸ்டாவின் பெனால்ட்டியால் 1-0. மூன்றே நாள் கழித்து, மே 9 அன்று, செவில்லாவின் மைதானத்தில் லீக் ஆட்டம். விசென்டேயும் பராஹாவும் கோலடிக்க 2-0 என்று வென்று, இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே பட்டத்தை உறுதிசெய்தார்கள். மூன்று நாள் இடைவெளியில் இந்த இரண்டையும் முடித்த அணியைப் பார்த்து, மாட்ரிட் கொடுத்ததை வாங்கிக்கொண்டது என்று எப்படிச் சொல்வது?

பத்து நாள் கழித்து கோதன்பர்க்கில் மார்செய்யுடன் இறுதியாட்டம். எதிரணியின் முன்களத்தில் ட்ரோக்பா. முதல் பாதி முடியும் தறுவாயில் கோல்கீப்பர் பார்தேஸ் மிஸ்டாவைத் தடுக்கி வீழ்த்த, நடுவர் கொலினா சிவப்பு அட்டை காட்டினார். பெனால்ட்டியை விசென்டே உள்ளே அனுப்பினார். 58-வது நிமிடத்தில் மிஸ்டா இரண்டாவது கோலை அடித்தார். ட்ரோக்பாவுக்கு அயாலாவும் மார்ச்சேனாவும் மூச்சுவிட இடம் தரவில்லை. 2000-லும் 2001-லும் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டங்களில் அடுத்தடுத்துத் தோற்ற கிளப் அது. அந்த இரண்டு தோல்விகளையும் களத்தில் அனுபவித்த கோல்கீப்பர் கன்யிசாரெஸும், 2001 தோல்வியில் ஆடிய கார்போனியும் கடைசியில் வலென்சியாவுக்காக ஐரோப்பியக் கோப்பை ஒன்றைக் கையில் ஏந்தியதை மறக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு, இரண்டே வாரங்களில் பெனிட்டஸ் கண்ணீரோடு விடைபெற்று லிவர்பூலுக்குப் போய்விட்டார். நிர்வாகத்துடனான மனக்கசப்பு அதற்குள் முற்றியிருந்தது. அவருக்குப் பதில் மீண்டும் வந்த ரனியேரி ஆகஸ்டில் போர்ச்சுகலின் போர்ட்டோவை வென்று ஐரோப்பிய சூப்பர் கோப்பையைக் கொண்டுவந்தாலும், அடுத்த பிப்ரவரியில் நீக்கப்பட்டார். அந்த சீசனை வலென்சியா ஏழாம் இடத்தில் முடித்தது. அதன்பின் 2008-லும் 2019-லும் கோபா டெல் ரே கிடைத்தது. லீக் பட்டம் இன்னும் திரும்ப வரவில்லை.