முட்டையைப் பார்த்து மீனை எடை போடுவது: ஹெர்ரிங் கணக்கெடுப்பில் இறங்குவோருக்கு

கேள்வி: கனடாவின் வான்கூவர் தீவில் கடல் உயிரியல் படிக்கிறேன். வரும் மார்ச்சில், சாளைக்கு உறவான ஹெர்ரிங் மீனின் முட்டைக் கணக்கெடுப்புக்கு முக்குளிக்க அழைத்திருக்கிறார்கள். பாசியில் ஒட்டிய முட்டையை வைத்து இத்தனை டன் மீன் என்று எப்படிச் சொல்கிறார்கள்? எங்கே தவறு நேரும்?

பதில்: ஹெர்ரிங்கின் முட்டை ஒட்டும் தன்மை உடையது; இந்த முறை முழுவதும் அதை நம்பித்தான் நிற்கிறது. சாளையின் முட்டை நீரில் மிதந்து பரவிவிடும், அதை இப்படி எண்ண வழியில்லை. பசிபிக் ஹெர்ரிங்கோ கரையோரம் கூட்டமாக வந்து, கடற்புல், பாசி, பாறை என்று அகப்பட்டதன் மேலெல்லாம் ஒட்டிவிட்டுப் போகிறது. குஞ்சு பொரிக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குள் நீங்கள் அளந்துவிட வேண்டும்.

முட்டையிடும்போது ஆண் மீன்களின் விந்தால் கடல் பால் கலந்தாற்போல் வெளிறும். விமானத்திலிருந்தே தெரியும். அந்தக் கலங்கல் தெளிந்த பிறகு இறங்குங்கள். அவசரப்பட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, மீனும் முட்டையிட்டு முடித்திருக்காது. தாமதித்தால் கடற்காகங்களும் வாத்துகளும் தின்று தீர்க்கும். ஒரு புயல் போதும், முட்டை பாசியோடு பிய்ந்து கரையில் வரப்பு வரப்பாக ஒதுங்கும். இப்படி அழிந்ததை இங்கே கணக்கில் திரும்பச் சேர்ப்பதில்லை.

கனடாவின் மீன்வள, பெருங்கடல் துறை 1988 முதல் முக்குளிப்பு ஆய்வையே முதன்மையாகக் கொண்டிருக்கிறது. கரைக்குச் செங்குத்தாக, சுமார் 350 மீட்டருக்கு ஒன்றாக அளவுக்கயிறு விரிப்பார்கள். கயிற்றின் வழியே அரை சதுர மீட்டர் சட்டத்தை வைத்து வைத்துப் பார்க்க வேண்டும்: ஒரு கயிற்றுக்கு ஐந்து சட்டமாவது, அகலத்தைப் பொறுத்து 2 முதல் 40 மீட்டர் இடைவெளியில். சட்டத்துக்குள் எவ்வளவு பரப்பில் முட்டை, எத்தனை அடுக்கு, அடியில் கிடப்பது எவ்வளவு, பாசியில் இருப்பது எவ்வளவு என்று தனித்தனியே குறிப்பீர்கள். மேக்ரோசிஸ்டிஸ் என்னும் ராட்சதப் பாசிக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே செடிகளை எண்ணி, உயரத்தையும் தண்டுகளையும் குறிக்க வேண்டும்.

அடியில் கிடக்கும் முட்டைக்கான சூத்திரம் எளிது: ஒரு சதுர மீட்டருக்கு 3,40,000 × அடுக்கு × மூடிய பங்கு. ஒரு படுகை 1,000 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம் என்று கொள்வோம். சராசரியாக 2 அடுக்கு, கால் பங்கு பரப்பு. சதுர மீட்டருக்கு 1,70,000 முட்டை. மொத்தம் 1,020 கோடி. பெண் மீனின் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 2 லட்சம் முட்டை. ஆணும் பெண்ணும் சரிபாதி என்று எடுத்தால் ஒரு டன் மீனுக்கு 10 கோடி. வகுத்தால் 102 டன்.

இனித் தவறுகள். இரண்டு அடுக்கை மூன்று என்று எழுதிவிட்டால் அதே படுகை 153 டன் ஆகிவிடும். ஆழப்பக்க எல்லையில் முட்டை தேய்ந்து மறையும் இடத்துக்கு முன்பே திரும்பி, 60 மீட்டரை 45 என்று முடித்தால் 76 டன்தான் வரும். என் கணிப்பில், அகலத்தில் நேரும் பிழைதான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. முட்டை நின்றதுபோல் தோன்றினாலும் இன்னும் சில மீட்டர் போய்ப் பாருங்கள்; நடுவே மணல் திட்டு வந்து, அப்பால் கடற்புல் மறுபடி தொடங்குவது சாதாரணம். கரைப்பக்க எல்லையையும் விடாமல் பிடிக்க ஓதம் ஏறியிருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அடுக்கை எண்ண ஓர் இலையை விரலிடுக்கில் பிடித்து விளிம்போரமாகப் பாருங்கள். முட்டை ஒன்று தினை அளவு, ஒன்றரை மில்லிமீட்டருக்குள். ஓர் அடுக்கென்றால் மணிகளுக்கு நடுவே இலையின் பச்சை தெரியும். அடுக்கு ஏற ஏற நிறம் மறைந்து, இலை கனத்துத் தொங்கும். இலையின் இரு பக்கத்தையும் சேர்த்து எண்ணுவதா, தனித்தனியாகவா என்று படகிலேயே குழுவுடன் பேசி முடிவுசெய்யுங்கள். ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதினால் அந்த நாள் உழைப்பு வீண். முதல் சில சட்டங்களை இருவரும் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. பாசியில் ஒட்டிய முட்டைக்குச் சூத்திரம் வேறு; அதில் அடுக்கு இரட்டித்தாலும் முட்டை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் ஏறும். அதனால் பாசி முட்டையை அடி முட்டையோடு சேர்த்து ஒரே எண்ணாக எழுதவே கூடாது.

கிடைக்கும் டன் எண்ணைக் கடலில் உள்ள மொத்த மீன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த ஆண்டு, அந்த இடத்தில் முட்டையிட்ட மீனின் சுட்டெண் அது. இளமீன் அதில் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கத்தான் அது உதவும். முறை மாறாமல் இருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும். முட்டையே இல்லாத சட்டம் வந்தாலும் இடத்தை மாற்றி வைக்காமல், 0 என்று எழுதிவிட்டு அடுத்த சட்டத்துக்கு நகருங்கள்.