மனப்பாடக் கட்டுரை எஸ்.பி.எம். ஆங்கிலத்துக்குக் கைகொடுக்குமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். நான் படித்தது கணக்கியல். என்னிடம் ஐந்தாம் படிவ மாணவர்கள் எட்டுப் பேர் வருகிறார்கள். எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வின் ஆங்கிலத்தில் வாசிப்புத் தாளை ஓரளவு சமாளித்துவிடுகிறார்கள். எழுத்துத் தாளில் 60-க்கு 25-ஐத் தாண்டுவதில்லை. பேச்சுத் தேர்வு என்றால் வாயே திறப்பதில்லை. இருபது மாதிரிக் கட்டுரைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள், ஆனால் பலன் தெரியவில்லை. பள்ளியில் முன்னோட்டமாக வைக்கும் டிரையல் தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. எதை மாற்றுவது? ஆங்கிலம் கற்பிப்பதற்கு நான் செல்ட்டா மாதிரி ஏதாவது சான்றிதழ் எடுக்க வேண்டுமா?

பதில்: டீச்சர், அந்த இருபது கட்டுரைகளை இன்றைக்கே ஓரமாக வைத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் உழைக்காமல் இல்லை. உழைப்பு தப்பான இடத்தில் போகிறது, அவ்வளவுதான்.

நாமெல்லாம் எழுதிய எஸ்.பி.எம். ஆங்கிலம் இப்போது இல்லை. 2021 எஸ்.பி.எம். முதல் 1119 என்ற குறியீடு கொண்ட ஆங்கிலத் தேர்வு சி.இ.எஃப்.ஆர். அளவுகோலை ஒட்டி மாற்றப்பட்டது. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட அளவுகோல் அது. ஒருவர் ஒரு மொழியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடிகிறது என்பதை ஏ1-இலிருந்து சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. அதனால் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள். இதில் இரண்டு தாளில்தான் உங்கள் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஆறாம் ஆண்டில் நடந்த யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் மூன்றாம் படிவத்தில் நடந்த பி.டி.3 2022-இலும் நிறுத்தப்பட்டுவிட்டன. இந்தப் பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பெரிய அரசுத் தேர்வு. பயம் இருக்கத்தான் செய்யும். பயந்த பிள்ளை மனப்பாடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எழுத்துத் தாளில் ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பகுதி எழுத வேண்டும். முதல் பகுதி ஏறக்குறைய 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல் பதில். இரண்டாவது, குறிப்புகள் கொடுத்து 125 முதல் 150 சொல். மூன்றாவது, மூன்று தலைப்பில் ஒன்றைத் தேர்ந்து 200 முதல் 250 சொல். ஒவ்வொரு பகுதிக்கும் 20 மதிப்பெண். அந்த 20-உம் நான்கு ஐந்தாகப் பிரியும்: கேட்டதற்கெல்லாம் பதில் வந்ததா, படிப்பவருக்கு ஏற்ற தொனியில் செய்தி போய்ச் சேர்கிறதா, கோர்வையாக இருக்கிறதா, மொழி எப்படி. மனப்பாடக் கட்டுரை எங்கே அடிவாங்குகிறது என்று இப்போது தெரிகிறதா? இலக்கணப் பிழையே இல்லாமல் அழகாக எழுதியிருந்தாலும், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் முதல் ஐந்திலேயே சரிகிறது, இரண்டாவது ஐந்தையும் இழுத்துக்கொண்டு போகிறது.

முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நண்பர் எழுதிய மின்னஞ்சல் இருக்கும். விடுமுறையில் எங்கே போகலாம், ஏன் அந்த இடம், நான் என்ன எடுத்து வரவேண்டும் என்று அதில் கேட்டிருப்பார். நம் பிள்ளை என்ன செய்யும்? 'ஐ ஹோப் யூ ஆர் இன் த பிங்க் ஆஃப் ஹெல்த்' என்று தொடங்கி, வீட்டில் எல்லாரையும் விசாரித்து, 80 சொல்லில் இருபது முப்பதை அங்கேயே செலவழித்துவிடும். அப்புறம் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லும், மூன்றாவது மறந்து போகும். இதற்கு நான் வகுப்பில் செய்வது ஒன்றே ஒன்று. கேள்விகளுக்கு அடிக்கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்தில் பதில் எழுதச் சொல்வேன். மூன்று வாக்கியம் தயாரான பிறகு ஒவ்வொன்றுக்கும் காரணமோ விவரமோ ஒரு வாக்கியம் சேர்க்கலாம். விசாரிப்பு வாக்கியம் கடைசியில்தான், இடம் மிஞ்சினால். இதைப் பழக்கினாலே அந்தப் பகுதியில் மாற்றம் தெரியும்.

அடுத்து திருத்துவது. வாரம் ஒரு நீண்ட கட்டுரை எழுதவைத்து, தாள் முழுக்கச் சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பதில் உங்கள் கைதான் வலிக்கும். பிள்ளை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடும். வகுப்பிலேயே கால் மணி நேரம் கொடுத்து, அகராதி இல்லாமல் 80 சொல் எழுதச் சொல்லுங்கள். எட்டுப் பேருக்கு எட்டுப் பக்கம், உங்களால் முடியும். ஒரு தடவைக்கு அதிகம் போனால் இரண்டு வகைப் பிழையை மட்டும் பாருங்கள். சரியான சொல்லை எழுதிக் கொடுக்காதீர்கள், கோடு மட்டும் போடுங்கள். அடுத்த வகுப்பில் அதே 80 சொல்லை மறுபடி எழுத வேண்டும். அந்த இரண்டாவது பிரதியில்தான் பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கிறது. இதற்கு நேரம் கிடைக்க, புதுத் தலைப்புகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவன் இப்படி எழுதுகிறான்: 'லாஸ்ட் சாட்டர்டே மை ஃபேமிலி கோ டு பினாங்கு ஹில். வி டேக் த ட்ரெயின். மை பிரதர் இஸ் வெரி ஸ்கேர்.' மூன்று வாக்கியத்திலும் பிழை. நான் 'கோ', 'டேக்', 'இஸ்' மூன்றுக்கும் மட்டும் கோடு போடுவேன். 'ஸ்கேர்' இப்போதைக்கு இருக்கட்டும். கோடு போட்டது எல்லாம் ஒரே பிழை, காலம். ஏன் இது வருகிறது? ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தப் பிள்ளைகள் பலர் மனதுக்குள் ஓடவிடுவது மலாய். இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களை எழுதி எழுதிப் பழகிய மொழி அதுதானே. மலாயில் 'செமாலாம் சாயா பெர்கி', 'எசோக் சாயா பெர்கி'. நேற்றானாலும் நாளையானாலும் 'போ' என்பதற்கான 'பெர்கி' மாறாது. 

இங்கேதான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் கையில் ஒரு சொத்து இருக்கிறது, யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தச் சொல்வதில்லை. 'போன சனிக்கிழமை பினாங்குக் கொடிமலைக்குப் போகிறோம்' என்று எந்தப் பிள்ளையும் வீட்டில் சொல்லாது. போனோம் என்றுதான் வாயில் வரும். கோடு போட்ட வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'போனோம்' என்று சொன்னவுடன், அப்படியானால் ஆங்கிலத்தில் எது என்று கேளுங்கள். 'வென்ட்' தானாக வரும். வினைச்சொல்லுக்குக் காலம் உண்டு என்பதை இந்தப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தெரிந்ததை நினைவுபடுத்தினால் போதும். 'ஷி லைக்ஸ்' என்பதில் வரும் அந்த எஸ்ஸுக்கும் இதே வழிதான். அவன் போகிறான், அவள் போகிறாள், நாங்கள் போகிறோம் என்று ஆளுக்கு ஏற்ப விகுதி மாறுவது தமிழில் உண்டு. ஆங்கிலத்தில் அது பெரும்பாலான வினைகளில் ஓர் இடத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று சொன்னால் சட்டென்று பிடிபடும்.

பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'த' விஷயம் வேறு. மலாயிலும் இல்லை, தமிழிலும் இல்லை. விதிகளைப் பலகையில் எழுதி விளக்கிப் பார்த்தால் பிள்ளைகள் இன்னும் குழம்புவார்கள். 'கோ டு ஸ்கூல்', 'கோ டு த மார்க்கெட்', 'ஹேவ் ஏ ஹெடேக்' என்று முழுத் தொடராகவே ஒரு நோட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். வாசிப்புத் தாளில் வரும் பத்திகளிலிருந்தே எடுக்கலாம்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா என்று தயங்காதீர்கள். இரண்டு வாக்கியத்தில் தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புங்கள். மணி நேரம் முழுக்கத் தமிழிலேயே ஓடினால்தான் ஆபத்து.

மூன்றாம் பகுதியில் எந்தத் தலைப்பை எடுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கட்டுரை, மதிப்புரை, அறிக்கை, கதை போன்ற வடிவங்களில் கேட்பார்கள். கதை சுலபம் என்று நினைத்துப் பல பிள்ளைகள் அதில் விழுகிறார்கள். 250 சொல் முழுக்க இறந்தகாலத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியது கதையில்தான். காலத்தில் தடுமாறும் பிள்ளை, தான் பார்த்த படத்தைப் பற்றியோ சாப்பிட்ட கடையைப் பற்றியோ மதிப்புரை எழுதலாம். பெரும்பாலும் நிகழ்காலத்திலேயே முடிந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வடிவம் கைவந்தால் போதும், எந்த இரண்டு என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இனி பேச்சு. இதைத் தள்ளிப்போடாதீர்கள், பேச்சுத் தேர்வு பொதுவாக எழுத்துத் தேர்வுக்கு முன்பே வந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து 13 நிமிடம், 24 மதிப்பெண். முதலில் தன்னைப் பற்றிய கேள்விகள், அப்புறம் ஆளுக்கொரு தலைப்பில் தனியாகப் பேச்சு, கடைசியில் இருவரும் கலந்து பேசுவது.

வாய் திறக்காததற்குக் காரணம் பல சமயம் ஆங்கிலம் தெரியாதது இல்லை. நாலு வார்த்தை பேசினால் 'ஸ்பீக்கிங் லண்டன்' என்று கூட இருப்பவனே கிண்டல் செய்வான். பதினேழு வயதில் அது பெரிய விஷயம். அதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லார் முன்னாலும் நிற்கவைத்துப் பேசச் சொல்லாதீர்கள். முதல் ஒரு மாதம், வாரம் இரண்டு தடவை, ஒரு நிமிடக் குரல்பதிவு உங்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் வரட்டும். குழுவில் போட வேண்டாம். நீங்களும் குரலிலேயே பதில் சொல்லுங்கள், நல்லதாக ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று. அதன்பிறகு இரண்டு இரண்டு பேராக உட்காரவையுங்கள். உச்சரிப்பு வெள்ளைக்காரர் மாதிரி இருக்கத் தேவையில்லை, புரிந்தால் போதும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' போட்டுப் பேசும் நம் ஊர் வழக்கத்தை மட்டும் தேர்வறைக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

தனிப்பேச்சில் இருபது விநாடியிலேயே தீர்ந்துபோகிறது என்பது எல்லா ஆசிரியர்களும் சொல்லும் குறை. திருவிழா என்று தலைப்பு வந்தால், 'மை ஃபேவரிட் ஃபெஸ்டிவல் இஸ் தைப்பூசம். இட் இஸ் வெரி கிராண்ட்' என்று நின்றுவிடும். அங்கே புதுச் சொற்கள் கொடுத்து உதவ வேண்டாம், கேள்வி கேளுங்கள். போன வருஷம் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு யாரோடு போனாய்? காவடி எடுத்தது யார்? 513 படி ஏறினாயா? தண்ணீர்ப் பந்தலில் நின்றாயா, என்ன கொடுத்தீர்கள்? பிள்ளை தமிழில் கொட்டும். மாமா காவடி எடுத்தார், நான் மோர் ஊற்றிக் கொடுத்தேன், தார் ரோட்டில் கால் சுட்டது. இது ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் ஒரு சின்ன வாக்கியம்தான். 'மை அங்கிள் கேரிட் த காவடி. த ரோட் வாஸ் ஸோ ஹாட்.' யார், எங்கே, எப்போது, ஏன், எப்படி இருந்தது என்ற ஐந்து கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டால் ஒரு நிமிடம் தாண்டும். பார்த்ததைப் பேசும் பிள்ளை தடுமாறினாலும் எழுந்துகொள்ளும், மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒரு வரி மறந்தால் எல்லாமே போச்சு.

கலந்துபேசும் பகுதியில் இருவரும் ஆளுக்கொரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மற்றவர் சொன்னதைத் தொட்டுப் பேசினால்தான் அது உரையாடல். இதற்கு ஒரு விதி வையுங்கள்: எதிரில் இருப்பவர் சொன்ன ஒரு சொல்லையாவது திரும்பச் சொல்லிவிட்டுத்தான் தன் கருத்தைத் தொடங்க வேண்டும். 'யூ செட் இட்ஸ் எக்ஸ்பென்சிவ், பட்...' என்ற அளவு போதும். 'வாட் டு யூ திங்க்' என்று கேட்கவும் பழகட்டும்.

கேட்டல் தாள் 40 நிமிடம், 30 கேள்வி. ஒலிப்பதிவு தொடங்குவதற்கு முன் கேள்விகளைப் படித்துவிடும் பழக்கம் வந்தால் பாதி வேலை முடிந்தது. காதில் முதலில் விழுந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு விடையைக் குறித்துவிடக் கூடாது. பேசுபவர் பல நேரம் ஒன்றைச் சொல்லிவிட்டு மாற்றிக்கொள்வார். வாசிப்பைப் பற்றி நீங்களே கவலைப்படவில்லை, அதனால் நானும் விட்டுவிடுகிறேன்.

பெற்றோரிடம் என்ன சொல்வது? விளக்கம் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் போட்டு, முதல் பிரதியையும் இரண்டாவது பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அழைத்துச் செல்ல வரும்போது அந்த இரண்டு பக்கத்தையும் கையில் கொடுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக்கூட, அடிக்கோடுகள் குறைந்திருப்பது தெரியும். மாதிரிக் கட்டுரை வேண்டும் என்று வற்புறுத்தினால் கொடுங்கள், மனப்பாடத்துக்கு இல்லை. மாணவர்களே அதற்கு மேலே சொன்ன நான்கு அம்சத்துக்கும் ஐந்தைந்தாக மதிப்பெண் போடட்டும். ஏன் மூன்று கொடுத்தாய், ஏன் நான்கு என்று விவாதிக்கும் ஒரு மணி நேரம், பத்துக் கட்டுரை மனப்பாடத்தைவிடப் பயன்படும்.

சான்றிதழ் விஷயம். செல்ட்டா கேம்பிரிட்ஜ் வழங்கும் நல்ல பயிற்சி. குறைந்தது 120 மணி நேரப் பாடம், அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு நீங்கள் கற்பிப்பதைப் பயிற்றுநர் பார்த்துக் கருத்துச் சொல்வார். ஆனால் அது முக்கியமாகப் பெரியவர்களுக்குக் கற்பிப்பதை மனதில் வைத்து அமைத்தது, செலவும் அதிகம். எஸ்.பி.எம். மாணவர்கள் எட்டுப் பேர் கையில் இருக்கும் இந்த ஆண்டு அது வேண்டாம். இப்போது உங்களுக்குத் தேவை, எழுத்துக்கும் பேச்சுக்கும் தேர்வுத்துறை வைத்திருக்கும் மதிப்பீட்டு அளவுகோல். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஒருவரைத் தெரிந்துகொண்டு, உங்கள் மாணவர் எழுதிய இரண்டு தாளை இருவரும் தனித்தனியாகத் திருத்திப் பாருங்கள். மதிப்பெண் எங்கே வேறுபடுகிறதோ அதைப் பேசுங்கள். டிரையலுக்கு முன் இதை மூன்று நான்கு தடவை செய்துவிட்டால், மதிப்பெண் போடுவதில் உங்கள் கை நிதானப்பட்டுவிடும். செல்ட்டாவைப் பற்றித் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுபட்ட பிறகு யோசிக்கலாம்.